பள்ளிக்கூடத்துக்குள் வந்த பாவு

சேலம், குகை
14-7-1936

புதுச்சத்திரம் அருணகிரி மாமா அவர்களுக்கு, மருமகன் தண்டாயுதபாணி வணங்கி எழுதுவது. நான் சுகம். அத்தையும் மாடு கன்றும் மழையும் சுகமா என்று எழுதவும்.

வாத்தியார் வேலை போனால் ஏர் பிடிக்க வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். நேற்று அது போகத்தான் இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தைந்து பேராவது வராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடுவேன் என்று இன்ஸ்பெக்டர் எட்டு மணிக்கே வந்து இறங்கினார், உள்ளே இருந்தது நானும் கரும்பலகையும்தான், ஏனென்றால் வெயில் ஏறுவதற்குள் தறிக்கான நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும், அந்தப் பாவுக்கு இருபுறமும் பிள்ளைகள் நின்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும், இந்தத் தெருவில் கஞ்சி முதலில் நூலுக்கு, மிச்சமிருந்தால் பிள்ளைக்கு, இதைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது மாமா? அவரைத் தெருவுக்கே அழைத்துப் போய்ப் பேர் கூப்பிட்டேன். நூலைப் பிடித்தபடியே முப்பத்தொன்றும் "உள்ளேனுங்க ஐயா" என்றன. கட்டடத்துக்குள் இருந்தால்தான் வருகை என்றார் அவர். பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று பாவுக்காரி செல்லியம்மாளிடம் கெஞ்சினேன்.

"ஈரப் பாவை உட்டுப்போட்டு எப்படிங்க வாரது? பாவு வந்தாப் புள்ளைகளும் வரும். தூக்குங்கடா சாமி!"

தெருவே கூடி, இழை தளராமல் பாவைத் தூக்கி, பள்ளியின் முன்வாசலில் நுழைத்துப் பின்வாசலில் வெளியே எடுத்தது. பாதிப் பிள்ளைகள் உள்ளே, பாதி வெளியே. இன்ஸ்பெக்டர் ஈரப் பாவுக்கு அடியில் குனிந்து கால்களை எண்ணினார். வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்ற எட்டு வயது அத்தாயியிடம், "நீ உள்ளேயா, வெளியேயா?" என்று அதட்டினார்.

"நானு அரை ஆளுங்க. அந்தப் பக்கத்துப் படியில என்ற தம்பி அரை. ரெண்டையுங் கூட்டி ஒண்ணுன்னு போட்டுக்குங்க."

மனிதர் சிரித்துவிட்டார். கோட்டில் கஞ்சி வழிய, முப்பத்தொன்று என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் பிழைத்தது, ஏருக்கு வேறு ஆள் பார்க்கவும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் காட்டில் நல்ல மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

பி.கு.: இன்று காலை மணி அடித்ததும் முப்பத்தொரு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். உள்ளே மழைக்குப் பயமில்லை என்று தெருவிலுள்ள மற்றப் பாவுகளும் கதவு ஜன்னல் வழியாகக் கூடவே வந்துவிட்டன. எனக்கு நிற்க இடமில்லை. தெருவில் நின்றுதான் பாடம் நடத்துகிறேன். பதிவேடு அத்தாயி கையில். வாத்தியார் வரவில்லை என்று எழுதிவிட்டாள்.