ஜம்பிலாரி

"ஏப்பா ஜெரோமு, உன் பக்கம் ஜம்பிலாரியா?"

சேலைக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து ரஹ்மத்துல்லா கேட்டார். ஜெரோம் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிட்டான்.

"சாதா இல்லண்ணே, அசல் ஜம்பிலாரி!"

சொன்ன பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பது சகாயராணி என்பது உறைத்தது. லிடியாவின் அம்மா. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் ஜெரோமுக்கும் லிடியாவுக்கும் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். எத்தனையோ பெண் வீட்டார் கையை விரித்த பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அவனுக்கு அமைந்த சம்பந்தம் அது.

திண்டுக்கல்லில் அந்த ஜவுளிக்கடைக்கென்று தனி அகராதியே உண்டு. முன்பு பழனிக் கடை ஒன்றில் வேலை பார்த்த ரஹ்மத்துல்லா அங்கிருந்து கொண்டுவந்த சரக்கு. யார் வைத்த பேர்களோ, அவருக்கும் தெரியாது. 'சுத்திவாரி' என்றால், "சுத்திட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இந்த ஜென்மத்தில் திரும்பாதவர். பஸ் வரும்வரை ஏசியில் நிற்க வருபவர் 'குளுகுளுவான்'. வீட்டுப் பெண்கள் வாங்கிய பைகளை எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் ஆண்மகன் 'பைமரம்'. கடையையே பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு ஜாக்கெட் துணியோடு எழுந்து போகிற அம்மாள்தான் 'ஜம்பிலாரி'.

"ஜம்பிலாரின்னா என்ன மாப்ளே?" பட்டுச்சேலை ஒன்றை ஒரே வீச்சில் விரித்து, முந்தியைத் தோளில் போட்டுப் பார்த்தபடி சகாயராணி கேட்டார்.

"அது வந்து... ரசனை உள்ளவங்களை அப்படிச் சொல்லுவோம் அத்தை. பாத்ததும் தரம் கண்டுபிடிக்கிறவங்க."

அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஊருக்கே நாலஞ்சு பேருதான் தேறுவாங்க" என்று சேர்த்துக்கொண்டான்.

"அப்படியா! அந்தா வாசல்ல நிக்கிறாகளே உங்க மாமா, அவுகளுக்கு என்ன பேரு?"

பெலிக்ஸ் இரண்டு தோளிலும் பைகள் தொங்க வாசலில் நின்றிருந்தார். "பைமரம்மா" என்று கேட்காமலே உதவிக்கு வந்தார் ரஹ்மத்துல்லா.

"குடும்பப் பாரத்தைத் தாங்குறவருன்னு அர்த்தம் அத்தை" என்றான் ஜெரோம். இதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

சகாயராணிக்கு முகம் மலர்ந்தது. "கல்யாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகலல்ல? மாமா பேருக்குக் கீழ 'ஓய்வுபெற்ற ஆசிரியர்'னு போடுறோம். என் பேருக்குக் கீழ மொட்டையா கெடக்கு. 'ஜம்பிலாரி'ன்னு போட்டுருவோம் மாப்ளே."

ஜெரோமுக்கு ஏசியிலும் வியர்த்தது. ஊரிலுள்ள ஜவுளிக்கடைக்காரர் அத்தனை பேருக்கும் அந்தப் பத்திரிகை போகும்.

"நாமளா போட்டுக்கிற முடியாது அத்தை. அது முதலாளி குடுக்குற பட்டம்."

முதலாளி ஊரில் இல்லை என்று அடுத்துச் சொல்வதாக இருந்தான். அதற்குள் அவர் மாடிப்படியில் இறங்கி வந்துவிட்டார்.

சகாயராணி எழுந்து கும்பிட்டார். "வணக்கங்கய்யா. நான் ஜம்பிலாரி."

முதலாளி குவியலைப் பார்த்தார். "தெரியுதுங்கம்மா" என்று பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, அவுகளே ஒத்துக்கிட்டாக!" சகாயராணி போனைக் காதில் வைத்தார். "அலோ, பிரஸ்ஸுங்களா?"

"அத்தை, வேணாம்!" ஜெரோம் கவுண்டரைத் தாண்டிக் குதித்தே விட்டான். "நான் சொன்னது அம்புட்டும் பொய்யி." ஜம்பிலாரிக்கும் பைமரத்துக்கும் உள்ள அசல் அர்த்தத்தைத் தலையைக் குனிந்துகொண்டு ஒப்பித்தான்.

சகாயராணி போனைப் பைக்குள் போட்டார். விரித்துக் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அடுக்கினார். ஒரு மடிப்புகூடப் பிசகவில்லை. ஜெரோம் அதையெல்லாம் பார்க்கும் நிலையில் இல்லை. சகாயராணி ஒரே ஒரு ஜாக்கெட் துணியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு. ஜெரோம் வாசலுக்கு ஓடினான்.

"மாமா, ஞாயித்துக்கிழம ஓலை...?" அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

பெலிக்ஸ் புதுப் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அதான் உண்மையச் சொல்லிட்டீங்கள்ல, வாசிப்பாங்க மாப்ளே. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி பழனியில ஜவுளிக்கடை வேலைக்கு நின்னவ உங்க அத்தை. இந்தப் பேரெல்லாம் வச்சதே அவதான். மொதப் பைமரம் நானு."