உள்ளங்கைக்கு நம்பிக்கை இல்லை

“அப்பா, எண்ணெய் தேய்ச்சுவிடற உங்க உள்ளங்கையில மட்டும் ஏன் முடி முளைக்கல?”

சலூன்காரரின் மகள் சின்ன வயதில் ஒருமுறை இப்படிக் கேட்டாள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“உள்ளங்கைக்கு நம்பிக்கை கிடையாது கண்ணு” என்றார்.

அந்த நம்பிக்கைதான் இன்று, கடையில் இருக்கும் ஒரே சுழல் நாற்காலியை விலைபேசும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவர் காய்ச்சிய முடி எண்ணெய்க்கு ஆயிரம் சீசா வாங்க வேண்டும். நாற்காலியை எடுத்துக்கொள்ள சாயங்காலம் ஆள் வருகிறது.

“நாற்காலி போனா, வர்றவங்களை மடியில உக்கார வெச்சா வெட்டுவீங்க?” என்றாள் மனைவி. “கையில டோப்பா கட்டற தொழில் இருக்கு. நாடகக்காரங்க தேடி வர்றாங்க. அதை விட்டுட்டு எண்ணெய்ச் சட்டியைக் கட்டிக்கிட்டு அழறீங்க.”

“பொய் முடி கட்டினது போதும். இனிமே நிஜ முடி.”

அப்போது ரொட்டிக்கடைக்காரர் ஒரு தலையணையோடு உள்ளே வந்தார். உறை முழுக்கப் பச்சை எண்ணெய்க் கறை.

“அண்ணே, தலையில இருந்ததும் போச்சு. தலையணைதான் செழிப்பா இருக்கு.”

“பழசு போனாத்தானே புதுசு வரும்? நிலத்தை உழாம விதைப்பாங்களா?”

“உழுது முடிச்சு மூணு மாசம் ஆச்சுண்ணே.”

“வாத்தியார் தலையைப் பாத்துட்டு வந்து பேசுங்க” என்றார் சலூன்காரர். தலையணை வந்த வழியே திரும்பிப் போனது.

கணக்கு வாத்தியார்தான் அந்த எண்ணெய்க்கு ஒரே சாட்சி. முதல் சீசா வாங்கியவரும் அவரே. இரண்டு மாதம் ஒன்றும் முளைக்காமல் போக, சலூன்காரர் சோறு இறங்காமல் கிடந்தார். அதைக் கேள்விப்பட்ட மறுவாரமே வாத்தியாரின் குல்லாய்க்கு வெளியே நாலு முடி எட்டிப் பார்த்தது. அடுத்த வாரம் ஒரு கற்றை.

எண்ணெய் தேய்க்கும் நேரம் தவிர தலையைத் தொடக் கூடாது, குல்லாயைக் கழற்றக் கூடாது என்பது வைத்தியத்தின் விதி. விதியைப் போட்டவர் சலூன்காரர். அதனால் அவரும் தொட்டுப் பார்க்கவில்லை. தெருவிலேயே நல்ல கண் அவருக்கு. தூரத்தில் நடந்துபோகிறவனின் கிருதா கோணலாக இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார். ஆனால் ஆசை வந்து முன்னால் நின்றால் எந்தக் கண்ணும் என்னதான் செய்யும்?

போன வாரம் விதியின் கெடு முடிந்தது. வாத்தியார் குல்லாயைத் தூக்கி ஒரு கணம் காட்டிவிட்டு மூடிக்கொண்டார். தலை நிறைய முடி.

அன்றைக்குத்தான் நாற்காலியை விற்க முடிவானது.

“நெத்திக்கு மேல இடது பக்கம் ஒரு சுழி பாரு” என்று மனைவியிடம் பூரித்தார். “எங்கேயோ பாத்த சுழி மாதிரியே இருக்கு. பொறந்தப்போ இருந்தது அப்படியே திரும்பி வந்திருக்கு. ஆண்டவன் கண்ணைத் திறந்துட்டான்.”

“உங்களுக்கு எப்பத் திறப்பானோ” என்றாள் அவள்.

இப்போதும் அதையே சொல்லிவிட்டு அவள் சமையலைக் கவனிக்கப் போனாள். சலூன்காரர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாத்தியாரின் தங்கை ஒரு துணிப்பையோடு வந்தாள். ஊரிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது.

“அண்ணா, இது ஓரம் பிரிஞ்சுபோச்சு. நீங்க கட்டினதுன்னு அண்ணன் எப்பவோ சொல்லியிருக்காரு. அவர் தூங்கறாரு. எழுந்திருக்கறதுக்குள்ள தைச்சு வைங்க, கடைக்குப் போயிட்டு வாங்கிக்கறேன்.”

பைக்குள் ஒரு டோப்பா இருந்தது. ஒட்ட வெட்டியிருந்தது. அவருடைய எண்ணெய் வாசனை அடித்தது. இடது பக்கம் ஒரு சுழி. அவர் கட்டும் எல்லா டோப்பாவிலும் வைக்கிற சுழி.

“இது...”

“எங்க அண்ணியோடதுதான். புத்துநோய் வைத்தியத்துல முடியெல்லாம் கொட்டினப்போ நீங்க கட்டிக் குடுத்தீங்களே. இப்போ அண்ணன் அதை ஒட்ட வெட்டி, அவரே போட்டுக்கறாரு. நம்புவீங்களா, தினமும் அதுக்கு எண்ணெய் வேற தேய்க்கறாரு. ஏண்ணா இப்படின்னு கேட்டேன். ‘அன்னிக்கு அவர் உங்க அண்ணியைக் கண்ணாடி பாத்துச் சிரிக்க வெச்சாரு, இன்னிக்கு என் முறை’ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

அவள் போய்விட்டாள்.

சலூன்காரர் கதவைப் பாதி சாத்தினார். நாற்காலி வாங்க இருந்தவருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றார். எண்ணெய் விளம்பரப் பலகையைக் கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்தார். பிரிந்த ஓரத்தைத் தைத்தார். முன்பக்கம் மெலிந்திருந்த இடத்தில், யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி, புதிதாக ஒரு வரிசை முடி கட்டினார். முடிந்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, அதன்மேல் மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.