மூன்றாவது வளைவில் நூறு ஆக்டேன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த ஒரே பெரிய காரியம், கச்சிராயபாளையம் பஞ்சர் கடை வாசலில் 'எரிபொருள் உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டதுதான். தலைவர் சிவசங்கர். வண்டி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே கைப்பேசிக் கண்ணாடியைத் தேய்த்தவர். செயலாளர் நான், கரும்பு வெட்டுகிறவன். சொந்தமாக வண்டி இல்லாததால் 'நடுநிலையாளர்' என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

குழுவின் முன் வந்த வழக்கு கொளஞ்சியப்பனுடையது. அவரும் மனைவி சின்னப்பொண்ணும் மூன்று மாதமாக ஒரு பழைய நூறு சிசி வண்டியில் கல்வராயன் மலை ஏறி மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறார்கள். எட்டு மணிக்குள் கிழங்குக் கொல்லையில் நிற்க வேண்டும். மூன்றாவது வளைவில் இன்ஜின் 'டக டக' என்று இடிக்கும். சின்னப்பொண்ணு இறங்கித் தள்ளுவார். அப்புறம் வளைவுக்கு வளைவு இதே மரியாதை. இந்த வாரம் இரண்டு நாள் தாமதம். மறுபடி தாமதமானால் வேறு ஜோடியைச் சேர்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"இடிச்சா ஆக்டேன் கம்மின்னு அர்த்தம்" என்றார் தலைவர்.

"ஆக்டேன்னா இன்னாங்க?" என்றார் கொளஞ்சியப்பன்.

"பெட்ரோலோட பொறுமைய்யா. இன்ஜினுக்குள்ள எவ்ளோ நசுக்கினாலும் நேரம் வர்ற வரிக்கும் வெடிக்காம இருக்கணும். உன் வண்டிக்கு நூறு போட்டாத்தான் சரிப்படும்."

"கம்பெனி புக்குல தொண்ணூத்தொண்ணே போதும்னு போட்டுக்கீதே" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"புக்கு எழுதனவன் நம்ம மலைய ஏறிக்கிறானா?"

இந்த ஆழமான கேள்வியை அப்படியே குறிப்பில் ஏற்றினேன்.

ஓரமாக நின்ற சின்னப்பொண்ணு வாயைத் திறந்தார். "அண்ணே, இந்த ஆளு டாப் கியர்லயே மலை ஏத்தறாரு. கியரைக் கொறைக்கச் சொல்லுங்க."

"இன்னாமே பேசற. கியரைக் கொறைச்சா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். நீ எறங்கித் தள்ளுனா ஒண்ணும் குடிக்காது" என்றார் கொளஞ்சியப்பன்.

பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்குக் குழுவில் பேச உரிமையில்லை என்பதைத் தலைவர் கனிவோடு எடுத்துச் சொன்னார். 'பொருளுக்குப் புறம்பானது' என்று எழுதினேன். அன்றைக்கு என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஒன்பதாவது கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. கள்ளக்குறிச்சி சந்தைக்குப் போன சின்னப்பொண்ணிடமே கேனையும், சாதா பெட்ரோலைவிட ஒன்றரை மடங்கு விலைக்கான பணத்தையும் கொடுத்து, 'நூறு' வாங்கி வரச் சொன்னோம். பெண்களுக்கும் பொறுப்பு தர வேண்டும் என்பது குழுவின் கொள்கை.

மறுநாள் காலை அதை ஊற்றிக்கொண்டு இருவரும் கிளம்ப, நானும் தலைவரும் அவருடைய புது வண்டியில் பின்தொடர்ந்தோம். மூன்றாவது வளைவு. டக டக.

"எறங்குமே."

சின்னப்பொண்ணு தன் காலைப் பார்த்தார். "எறங்க மாட்டேன்."

"வண்டி நின்னுப்பூடும்மே."

"நிக்கட்டும். எட்டு மணிக்கு மேல நீயே போய் மேஸ்திரிகிட்ட டாப் கியர் கதைய சொல்லு."

மணி ஏழு நாற்பது. கொளஞ்சியப்பன் மலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவருடைய இடது கால் அசைந்தது. வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கியது. இடி நின்றது. நாலாவது வளைவு, ஐந்தாவது வளைவு என்று தம்பதி சமேதராக ஏறிக்கொண்டே போனார்கள். ஏழு ஐம்பத்தைந்துக்குக் கொல்லையில் நின்றார்கள். மேஸ்திரி இருவர் பெயரையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"பாத்தியா, நூறோட வேலைய" என்று தலைவர் என் கையைக் குலுக்கினார். 'மகத்தான வெற்றி' என்று அங்கேயே எழுதினேன்.

"அது சாதா பெட்ரோல்தான் அண்ணே" என்றார் சின்னப்பொண்ணு. "மிச்சத்துல இத வாங்கிக்கினேன்." புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். புதுச் செருப்பு. "வண்டியத் தள்ளித் தள்ளி பழசு அறுந்துபோச்சி."

தலைவர் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். "செருப்ப குறிப்புல ஏத்தாத" என்றார்.

ஏற்றவில்லை. 'மகத்தான வெற்றி' அப்படியே இருக்கிறது. பெட்ரோலின் பொறுமையை அளக்க ஒன்பது கூட்டம் போட்டோம். மூன்று மாதம் நசுங்கியும் வெடிக்காமல் பின்னால் தள்ளி வந்தவருக்கு ஆக்டேன் எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒன்பது கூட்டத்துக் குறிப்பிலும் கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையதுதான், முத்து முத்தாக.