மாமனாருக்காக விட்ட நாலு வரிசை

நாலு வரிசை மக்காச்சோளத்தை அறுக்காமல் விட்டுவைத்தது முழுக்க மாமனாருக்காகத்தான். குளிர்காலத்தில் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழிகள் இரை தேடி அங்கே வரும், மில்டன் மாமா வருடாந்திர வேட்டையில் ரெண்டு சேவலாவது சுடுவார், மனசு குளிர்ந்து தன் நிலத்தைக் குத்தகைக்குத் தருவார் என்பது ஆர்லோவின் திட்டம். மூன்று டிசம்பராக மாமா வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னொரு மருமகன் டெல்பர்ட்டின் வயலிலோ கோழிகள் கொட்டிக் கிடந்தன.

இந்த வருட வேட்டைக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, அமெரிக்காவின் டகோட்டா பனி நாலு வரிசையையும் மூடிவிட்டது. கோழிகளெல்லாம் பக்கத்துப் பண்ணைத் தொழுவத்தில், மாடுகள் சிந்திய தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

"என் சோளம் என்ன கசக்குதா?" என்றான் ஆர்லோ.

"பனியத் தோண்டித் திங்கணும்னு அதுங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்றாள் மனைவி ஜோலீன்.

டிராக்டரால் பனியை வழித்துத் தள்ளினான். கதிர்கள் வெளியே தெரிந்தன. சாயங்காலமே முப்பது மான்கள் பந்திக்கு வந்துவிட்டன. மானை விரட்ட வயலோரம் நாயைக் கட்டினான். அது குரைத்த குரைப்பில் தொழுவத்துக் கோழிகளும் ஊரைக் காலி செய்தன.

வெள்ளிக்கிழமை அவனுக்கு வெறுத்துப்போயிற்று. "ஒருத்தரும் திங்க வேணாம்" என்று நாயை அவிழ்த்துவிட்டு, மிச்சத்தையும் அறுத்துத் தள்ளினான். குளிரில் விறைத்த அறுவடை இயந்திரம் பாதி மணியைப் பனிமேலேயே சிந்தியது. கூட்டி அள்ள அவனுக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை மாமா, மாமியார் வர்னாவோடு வந்து இறங்கினார்.

"என்ன மாப்ளே, இந்த வருஷமும் ஈ ஓட்ட வேண்டியதுதானா?" என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பைப் பார்த்து ஆர்லோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலை பத்து மணிக்கு, சட்டப்படி சுடும் நேரம் தொடங்கியதும் வயலில் கால் வைத்தார்கள். சிந்திய மணியை மேய்ந்துகொண்டிருந்த நாற்பது கோழிகள் சடசடவென எழும்பின. பாதி, சட்டப்படி சுடக்கூடிய சேவல்.

"மாமா, இதோ, கைக்கெட்டற தூரத்துல. சுடுங்க."

மாமாவின் முகம் வெளுத்தது. வானத்தைப் பார்த்து மூன்று தோட்டா சுட்டார். ஓர் இறகுகூட விழவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டார்.

"மாமா, அந்தக் குத்தகை..."

"யோசிக்கணும்" என்று வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

மாமியார் வர்னா கையுறையை மாட்டியபடி ஆர்லோவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மூணு வருஷமா அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலை மாப்பிள்ளை. அது வெளிய தெரியாம வேட்டைக்குப் போக, கோழியே இல்லாத வயல் உங்களோடது ஒண்ணுதான்னு, காலையில குத்தகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டுதான் கெளம்பினாரு."