பாயாத கழுதையும் பெட்டிசத்தாரும்

எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கோ. அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஆட்களுக்கு முன்னால் கதைக்கவும் கூச்சம். அதனால்தான் கடதாசியில் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற பெட்டிசக்காரர்களில், பொய் எழுதத் தெரியாதவர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் மன்னாரில்தான் இருந்தார். பேர் ஒருவருக்கும் தெரியாது. பெட்டிசத்தார் என்றால் சின்னப்பிள்ளையும் கை காட்டும்.

கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோருக்கு வெளியே ஒரு மேசை, ஒரு கதிரை. கதிரையைப் பக்கவாட்டில் போட்டு, முகத்தை அங்காலே திருப்பி, காதை மட்டும் எங்களுக்குத் தருவார். வேதக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற சுவாமியார் இருப்பதுபோல. "முகத்தைப் பாத்தா ஆக்களுக்குப் பொய் வரும். காதைப் பாத்தா வராது" என்பார். சில பேர் ஞாபகமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டே கதையைத் தொடங்குவார்கள்.

வேலிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரன்மேல் முறைப்பாடு எழுத வந்த ஒருவர், பக்கத்து வீட்டுக்காரனிடம் மன்னிப்புக் கேட்கிற கடிதத்தோடு வீட்டுக்குப் போனார். ஒரு வாத்தியார் சுகமில்லை என்று இடமாற்றம் கேட்க வந்தார். பெட்டிசத்தார் எழுதினது: 'இவருக்கு உடம்பு நல்ல சுகம். மாமியாரோடுதான் ஒத்துவரவில்லை.' இடமாற்றம் அடுத்த மாதமே வந்தது. மாமியாரும் கூடவே போனது வேறு கதை.

இனி என் கதை. என் வீட்டுக்காரர் வாடகைக்குக் கார் ஓடினவர். அந்தக் கார் ஓடினால்தான் எங்கள் அடுப்பு எரியும். எங்களுடைய ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். நான் மூன்று மாதம் அழுதேன். இவர் அழவில்லை. பிள்ளையின் பேரையும் பிறகு வாயால் சொல்லவில்லை. கல்லு மனுசன் என்று நினைத்தேன்.

ஒருநாள் மடு மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தோம். உயிலங்குளம் தாண்டினதில் இருந்து எனக்கு அழுகை நிற்கவில்லை. பாலம் கடந்து தீவுக்குள் ஏறின பிறகு, இவர் இடது கையை எடுத்து என் கண்ணைத் துடைத்தார். நடு றோட்டில் ஒரு கழுதை நின்றது. கடைசி நேரத்தில்தான் கண்டார். காரை ஒருபக்கம் வெட்டித் திருப்பினார். கார் பனையில் ஏறிவிட்டது. இவருக்கு இடது கை முறிந்தது, எனக்கு நெற்றியில் மூன்று தையல். கழுதை ஒரு அடியும் நகரவில்லை. எங்களைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நின்று பார்த்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இவர் சொன்னார்: "கழுதை குறுக்க பாஞ்சது எண்டு பெட்டிசத்தாரைக் கொண்டு எழுதுவி. உண்மையைச் சொன்னா, கவனமில்லாமல் ஓடினவன் எண்டு இன்சூரன்ஸ் கந்தோரில காசு தராமல் தள்ளிப்போடுவாங்கள். பிறகு காருமில்லை, சோறுமில்லை."

போனேன். காதைப் பார்த்தேன்.

"கழுதை பாஞ்சது ஐயா."

"எந்தப் பக்கத்தால?"

"வலப்பக்கத்தால."

"பாஞ்ச கழுதை இப்ப எங்க?"

"அங்கதான் நிக்குது."

"பாய முந்தி எங்க நிண்டது?"

நான் நெற்றித் தையலைத் தடவினேன்.

"பிள்ளை, அந்தக் கழுதையை எனக்குத் தெரியும். மாரி மழைக்கே அது அசையாது. அதை விட்டிட்டு உங்கட கதையைச் சொல்லுங்கோ."

நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. இன்சூரன்ஸ் விண்ணப்பப் போமில் காபன் தாள் வைத்து எழுதினார். இவர் வாசிக்காமலே நம்பிக் கையெழுத்து வைத்தார், போம் கொழும்புக்குப் போனது. என் கையில் இருந்த பிரதியைப் பிறகுதான் வாசித்தார். அதில் இப்படி இருந்தது: 'பத்து மாதக் குழந்தையாய் இறந்துபோன என் மகன் அருளப்புவை நினைத்து என் மனைவி அழுதாள். அவள் கண்ணைத் துடைக்க ஸ்ரேரிங்கில் இருந்து இடது கையை எடுத்தேன். கழுதைமேல் பிழையில்லை.'

"துலைஞ்சம்" என்றார் இவர். "கழுதைக்கு வக்கீலா அந்த ஆள்?"

இரண்டு கிழமையில் கொழும்பு இன்சூரன்ஸ் கந்தோரில் இருந்து ஒரு துரை வந்தார். போமை விரித்துப் பிடித்தார். "மன்னாரில இருந்து வாற எல்லாப் போமிலயும் கழுதை பாயுது. நான் வந்து மூண்டு நாள். ஒரு கழுதையும் பாயேல்லை, எல்லாம் நிக்குது. நிண்ட கழுதை வந்தது இந்தப் போமிலதான். இதில எழுதினது எல்லாம் சரியோ?"

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஒண்டு பிழை" என்றார். "பத்து மாசமில்லை. பத்து மாசமும் பன்னிரண்டு நாளும்."

துரை பேனையை எடுத்துத் திருத்தினார். போமை மடித்துக்கொண்டு போனார். காரைத் திருத்த உத்தரவு வந்தது.

நான் எண்ணினது மாதத்தைத்தான். நாளையும் சேர்த்து எண்ணினவர் இவர்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. கார் போனது, வீடு போனது, இவரும் போய்விட்டார். பெட்டிசத்தார் அகதி முகாமில் செத்ததாகச் சொன்னார்கள். அங்கேயும் நிவாரணப் போமில் 'எனக்குச் சாப்பாடு போதும்' என்று எழுதிக் கொடுத்தாராம். பொய்யாக இருக்காது.

பிள்ளையைப் படம் எடுத்து வைக்கவில்லை. அவன் இருந்தான் என்பதற்கு என்னிடம் இருப்பது அந்தக் காபன் பிரதிதான். மடித்து மடித்துக் கிழிந்துவிட்டது, எழுத்தும் மங்கிவிட்டது. கழுதை வலது பக்கம் பார்த்து நின்றதா, இடது பக்கமா என்பதும் இப்போது நினைவில்லை. அந்த நாள் மன்னார் ஆட்கள் யாராவது இதை வாசித்தால், பிழையைப் பார்த்துத் திருத்திவிடுங்கோ. பெட்டிசத்தார் இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன். கதிரையை அங்காலே திருப்பிப் போட்டு, "முதலில இருந்து சொல்லுங்கோ பிள்ளை" என்று காதைத் தந்திருப்பார்.