மேசையில் ஓடின ஆறு

வள்ளியூரில் மச்சினன் குமரகுருபரன் வீட்டுக் கண்ணாடி மேசையில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த சாம்பசிவம், முக்கூடலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு முடிவோடுதான் இறங்கினார். இனி இந்த உடம்பு தரையில் உட்கார்ந்து சோறு தின்னாது.

அது லேசுப்பட்ட முடிவில்லை. தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மனுசனுக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கைதான். சாப்பாடு கொதிக்கக் கொதிக்க இருக்கணும். தோசை கல்லை விட்டு எழுந்தால் நேரே அவர் தட்டில்தான் வந்து உட்காரணும். நடுவில் எங்கேயும் இளைப்பாறக் கூடாது. தேங்காய்ப்பால் சொதி ஊற்றினால் மூக்குக்கண்ணாடி ஆவியில் மூடிப்போகணும். அதற்காகவே இத்தனை காலமும் அடுப்படித் தரையில், அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டுத்தான் சாப்பிட்டார்.

"ஏட்டி கோமு, ஹால்ல சாப்பாட்டு மேசை வரப் போகுது."

அவர் சம்சாரம் கோமு அப்போது அதே ஹால் தரையில் குனிந்து, பக்கத்து வீட்டு ஜெபகனியின் ஜாக்கெட் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தையல். நின்று வெட்ட ஒரு மேசை வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவள் இடுப்பே கேள்விக்குறி மாதிரி வளைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் சாம்பசிவத்திடம் ஒரே பதில்தான்: "ஹால்ல எடம் ஏது?"

இப்போது கோமு கேட்டாள். "எடம் இருக்கா?"

"சாப்பாட்டு மேசைக்கு எடம் இல்லாம இருக்குமா? அது குடும்பத்துக்குள்ள பொருள்லா!"

"நான் கேட்டது?"

"அது தொழில்."

கோமு மறுபடியும் துணி மேல் குனிந்தாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் தான் ஜெயித்துவிட்டதாக சாம்பசிவம் நினைப்பார். முப்பது வருசமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மேசை செய்ய, களக்காட்டில் இடித்த பழைய வீட்டிலிருந்து இரண்டு தேக்குக் கதவுகள் வந்து இறங்கின. உளுத்த ஓரத்தை வெட்டித் தள்ளியதும் மிச்சம் இருந்தது கோணல் மாணலாக இரண்டு பலகை. சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு பூனை படுத்துக்கொள்ளலாம். சாம்பசிவம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கோமுதான் போனை நீட்டினாள். "இங்கன பாருங்க. ஒருத்தன் நடுவுல ரெசின்னு ஒரு பசைய ஊத்துதான், இறுகினா கண்ணாடி மாதிரி ஆயிருது. நீலமா, அப்பிடியே நம்ம தாமிரபரணி மாதிரி இருக்கு."

சாம்பசிவம் அந்த வீடியோவைப் பாதி வரைக்கும் பார்த்தார். மீதியை அவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சாயங்காலத்துக்குள் அது அவருடைய யோசனையாகிவிட்டது. "எனக்கு ஒண்ணு தோணிச்சு வே," என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"கால் மட்டும் கொஞ்சம் உசரமா வையுங்க," என்றாள் கோமு. "என்னால குனிஞ்சு குனிஞ்சு பரிமாற முடியல."

சாம்பசிவத்துக்கு மனசு இளகிவிட்டது. பரிமாறுவதைப் பற்றி அவளே பேசுகிறாளே! மேசைக்கால் கோமுவின் இடுப்பு உசரத்துக்குத் தயாரானது.

ஊற்றுகிற நாளில் வீட்டில் ஊரடங்கு. காத்தாடி சுற்றக் கூடாது. தூசி பறக்கும் என்று வாருகோல் எடுத்துப் பெருக்கக் கூடாது. ரெசின் கேன் இரண்டையும் ஊற்றிக் கலக்கி, நீலப்பொடி தூவி, தரையில் கிடத்திய பலகைகளுக்கு நடுவே விட்டார். ஆறு பிரமாதமாக ஓடியது. பார்த்து ரசித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்தவர் அப்படியே கண் அசந்தார். விழித்தால் எழ முடியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனி ஆற்றுக்குள் கிடந்தது.

"ஏட்டி கோமு! ஆறு என்னப் புடிச்சிட்டு!"

"இழுங்க."

"இழுத்தா ஆறும் சேந்து வரும்ட்டி!"

"அப்ப சாரத்த விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க."

"ஜன்னல்ல ஜெபகனி நிக்கா!"

கோமு கத்தரியைக் கொண்டுவந்து சாரத்தில் ஒரு துண்டை வெட்டிவிட்டாள். கட்டம் போட்ட அந்தத் துண்டு இன்றைக்கும் ஆற்றுக்கு அடியில் தெரிகிறது. கேட்டவர்களிடம், "படித்துறையில யாரோ துணி தொவைக்காங்க," என்பார் சாம்பசிவம்.

இறுகி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றி, காலைப் பூட்டியதும் மேசை நின்றது. பார்க்க வந்த ஜெபகனி, "ஆத்துல முகம் தெரியுது அண்ணாச்சி," என்று வியந்தபடி கையிலிருந்த காப்பி டம்ளரை மேசையில் வைத்தாள். எடுத்தபோது நீலத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

அணை உடைந்தது போலக் கத்தினார் சாம்பசிவம். "இனிமே இந்த மேசை மேல சூடா ஒண்ணும் வரக் கூடாது! யாரா இருந்தாலும் சரி!"

"யாரா இருந்தாலுமா?" என்றாள் கோமு.

"கலெக்டரே வந்தாலும்!"

"வீட்டு ஆளா இருந்தா?"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான். மேசையில கைய வச்சு சத்தியம் பண்ணு."

கோமு வைத்தாள். அவ்வளவு சந்தோசமாக அவள் எந்தச் சத்தியமும் பண்ணியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை குமரகுருபரன் சம்சாரத்தோடு வந்தான். அவன் கண்ணாடி மேசையின் கொட்டத்தை அடக்கத்தானே இத்தனை பாடும்! சாம்பசிவம் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேசை அவர் தாடைக்கு வந்து நின்றது.

"அத்தான், கழுத்தளவு தண்ணியில நிக்காப்ல இருக்கு."

"எனக்கு நீச்சல் தெரியும் மாப்ளே. நீரும் எறங்கும்."

அடுப்படியில் சொதி கொதித்தது. தேங்காய்ப்பால் வாசமும் இஞ்சி வாசமும் வீட்டைத் தூக்கின. கோமு மேசையில் ஒரு இலை போட்டாள். அடுப்படித் தரையில் மூன்று இலை போட்டாள்.

"ஏட்டி, அங்கன எதுக்கு?"

"சொதி சூடால்லா இருக்கு. சத்தியம் பண்ணியிருக்கேனே."

"அப்ப எனக்கு?"

"ஆறினதும் கொண்டாறேன். அது வரைக்கும் பழத்தத் தின்னுங்க."

ஆற்றங்கரையில் அவரும் ஒரு வாழைப்பழமும் மட்டும். உள்ளே ஒரே உறிஞ்சல் சத்தம். "அக்கா, நாக்கு பொத்துட்டு! இன்னும் ஒரு கரண்டி ஊத்து!" என்று மச்சினன் கூவினான். சாம்பசிவத்தின் மூக்குக்கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கடைசியில் அவருக்கும் சொதி வந்தது, மேலே ஏட்டைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு. தொட்டுப் பார்த்தார். எழுந்தார். இலையை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"மாப்ளே, பைய தள்ளி உக்காரும்."

அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டதும் கொதிக்கிற சொதி புது இலையில் விழுந்தது. கண்ணாடி மூடிப்போனது. அந்த ஆவியில் கோமு எழுந்து போனதை அவர் பார்க்கவில்லை.

வயிறு நிறைந்து ஏப்பத்தோடு ஹாலுக்கு வந்தால், மேசையில் இலையைக் காணோம். ஜெபகனியின் பட்டு ஜாக்கெட் துணி விரிந்து கிடந்தது. சரியாக ஆற்றோரத்தில் மடிப்பு. கோமு நிமிர்ந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி! சாப்பாட்டு மேசையில துணியா?"

"தொட்டுப் பாருங்க. சூடா இல்லியே."

தொட்டுப் பார்த்தார். இல்லைதான்.

"ரெசின் சூடு தாங்காதுன்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"வீடியோவுல கடைசியா அதத்தான சொல்லுதான். நீங்க பாதியிலயே எந்திரிச்சுட்டீய."

"அப்ப அந்தக் கால் உசரம்?"

"இடுப்புக்குக் கச்சிதமா இருக்கு."

சாம்பசிவம் மீசையைத் தடவிக்கொண்டார். ஆம்பளை அப்படியெல்லாம் தோற்றுவிடுவானா? "சரிட்டி, இத நீயே வச்சுக்க. ரெசினும் வேண்டாம், ஆறும் வேண்டாம், முழு மரத்துல நான் வேற ஒரு மேசை செய்யுதேன். சுடச்சுடச் சாப்புட."

கோமு கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஹால்ல எடம் ஏது?"