கடன் அறிக்கைக்குப் பயந்து மயங்கிய கதை

எனக்குப் பேய் பயம் கிடையாது. வங்கியில் பிரிண்டர் ஓடும் சத்தம்தான் பயம்.

கிள்ளானில் வீடு வாங்க நானும் என் கணவர் குமாரும் கடன் கேட்டிருந்தோம். கல்யாணத்துக்கு முன்பு, வேலை போயிருந்த சமயத்தில், சில மாதம் நான் கார் தவணை கட்டவில்லை. பிறகு எல்லாம் கட்டி முடித்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் குமாரிடம் சொன்னதில்லை. கடன் அறிக்கையில் விழுந்த கறை சாகும்வரை போகாது என்று தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். (அவள் பேச்சை நம்பி ஏற்கெனவே தலைமுடியைக் கெடுத்துக்கொண்டவள் நான்.)

வங்கிக்கு என் மாமியாரும் வந்தார். "என் மருமக காசு விஷயத்துல கெட்டிக்காரி" என்று எங்கள் வட்டாரமான பண்டமாரான் முழுக்கச் சொல்லி வைத்திருப்பவர்.

"அக்காவோட ரிப்போர்ட் பார்த்துரலாமா?" என்று அதிகாரியான தமிழ்ப் பெண் பிரிண்டர் பக்கம் திரும்பினார். தாள் மெதுவாக வெளியே வந்தது. குமாரின் முகம் மாறுவதைப் பார்க்கத் துணிவில்லாமல், மயங்கியதுபோல் மேசையில் சாய்ந்துவிட்டேன்.

"அம்மா, இவ மயங்கிட்டா" என்றார் குமார்.

"பதறாதடா. இது நல்ல மயக்கம் லா."

நான் கண் திறப்பதற்குள் அத்தை சுங்கை பூலோவிலிருக்கும் நாத்தனாரைக் கைப்பேசியில் பிடித்து, வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டார். பக்கத்து மேசையிலிருந்த அங்கிள் ஒருவர் குமாரின் கையைக் குலுக்கினார். குமாருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒரு பயத்தோடு சாய்ந்தவள் இரண்டு பயத்தோடு நிமிர்ந்தேன்.

அதிகாரி தாளைப் படித்துவிட்டு, "எல்லாம் க்ளீனா இருக்குக்கா" என்றார்.

"பழசு?" என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது.

"தவணை கட்டின விவரம் இதுல கடைசி பன்னெண்டு மாசம்தான் தெரியும். அதுக்கு முன்ன உள்ளது வராது."

குமார் என் பக்கம் திரும்பினார். "என்ன பழசு?"

அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். குமார் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். "அதுக்கா மயங்கின?" என்றார் கடைசியில்.

"மயங்கலங்க."

அத்தை கைப்பேசியைக் காதிலிருந்து மெல்ல இறக்கினார். "அப்ப பேரப்பிள்ளை?"

"இல்ல அத்தை."

வீடு கிடைத்தது. குமாரின் கோபம் சாவி கைக்கு வந்த பிறகே தணிந்தது. பின்னர் நான் உண்மையாகவே கர்ப்பமாகி, அத்தையிடம் வெட்கத்தோடு சொன்னபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த தடவ என்ன லோன்?" என்றார்.

இன்றும் தலை சுற்றுகிறது என்றால் வீட்டில் யாரும் தண்ணீர்கூடத் தருவதில்லை. அந்தக் கர்ப்பத்தில் பிறந்த மகள்கூட, "எந்த பேங்க்குமா?" என்றுதான் கேட்கிறாள்.